மாடியறையில் நான் குடிவைத்த பெண்

தம்பி,

நேற்றுத்தான் போனில் பேசினோம், இன்றைக்குக் கடிதமா என்று சிரிப்பாய். சிரித்துக்கொள். போனில் நீ பேசுவதெல்லாம் "சரிம்மா, பாக்கலாம்மா, வச்சிரவா" என்கிற மூன்று சொற்கள்தான். நான் சொல்ல வேண்டியது அந்த மூன்றுக்குள் அடங்காது. பூதலூர்க் கடையில் ஒரு நோட்டு வாங்கி, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். சத்துணவுக் கூடத்தில் இருபத்தெட்டு வருஷம் பதிவேடு எழுதின கை. எழுத ஆரம்பித்தால் நிற்காது, பொறுத்துப் படி.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீ வாங்கியிருக்கிற அந்த மாடி வீட்டின் மேற்கு அறையைப் பூட்டிப் போடாதே. கொத்தனார் உள்ளே போக மாட்டேன் என்கிறார், பெண் வீட்டுக்காரர்கள் காதுக்கும் எட்டிவிட்டது, எதற்கு வம்பு, சுவர் வைத்து அடைத்துவிட்டால் போகிறது என்கிறாய். வேண்டாம். அந்த அறையில் பேய் கிடையாது. ஊரே இருக்கிறது என்று சொன்னாலும் எனக்குத் தெரியும், கிடையாது. ஏனென்றால் அந்தப் பேயை உண்டாக்கியவளே நான்தான். கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். என் புளுகு நாற்பது வருஷம் ஓடி, இப்போது உன் கல்யாணத்துக்கும் பத்திரிகை இல்லாமல் வந்து நிற்கிறது.

போன வாரம் மலர் என்னைப் பார்க்க வந்திருந்தாள். நல்ல பெண். உனக்கு இது கொஞ்சம் அதிகம்தான். காப்பி குடித்துக்கொண்டே தயங்கித் தயங்கிக் கேட்டாள், "அத்தை, அந்த மாடி ரூம்ல ஒரு பொம்பளைய அடைச்சு வச்சிருந்தாங்களாமே, நெசமா?" பயந்துபோய்க் கேட்கிறாளோ என்று முகத்தைப் பார்த்தேன். கண் இரண்டும் விரிந்து மின்னுகிறது! பயத்தில் பாதி, ஆசையில் பாதி. பிறகு மெதுவாகத் தன் போனை எடுத்துக் காட்டினாள். தினம் ஒரு அத்தியாயம் வருகிற தொடர்கதை. மலைமேல் பங்களா, முகம் கொடுத்துப் பேசாத கணவன், பூட்டிய அறை, எங்கிருந்தோ வரும் மல்லிகை வாசனை. அடி பெண்ணே, நான் பாவாடை தாவணியில் படித்த அதே கதையை நீ போனில் படிக்கிறாயா என்று அவள் கன்னத்தைக் கிள்ளினேன். மாமியாரும் மருமகளும் அன்றைக்கு ராசியானது இப்படித்தான்.

என் அலமாரியில் இருக்கும் மாத நாவல்களைப் பார்த்து, "இன்னும் எதுக்கும்மா இந்தப் பேய் பங்களா" என்று நீ பத்து வயதிலிருந்து கேட்கிறாய். காலேஜ் முடித்த பிறகு கேலி கூடிவிட்டது. இன்றைக்குப் பதில் சொல்கிறேன். அந்தக் கதைகளில் என்ன நடக்கிறது? ஒரு பெண் தனக்குத் தெரியாத ஒரு வீட்டுக்குள் போகிறாள். அங்கே யார் நல்லவர், யார் கெட்டவர், எந்தச் சாவி எந்தக் கதவுக்கு, எந்தப் பேச்சை எடுத்தால் எல்லோர் முகமும் மாறும் என்று அவளுக்குத் தெரியாது. அவளாகவே ஒவ்வொன்றாகக் கண்டுபிடிக்க வேண்டும். இது உனக்குப் பேய்க்கதை. எங்களுக்கு இது கல்யாணம். தாலி கட்டிக்கொண்டு போன எந்தப் பெண்ணைக் கேட்டாலும் சொல்வாள், முதல் ஆறு மாதம் ஒவ்வொரு வீடும் பங்களாதான். பயம் நிஜமாக இருக்கிற வரைக்கும் இந்தக் கதைகள் சாகாது. கடைசி அத்தியாயத்தில் அவள் பிழைத்துக்கொள்வாள் என்று தெரிவதால்தான் நடுவில் நிம்மதியாகப் பயப்பட முடிகிறது.

அப்போது எனக்குப் பதினேழு வயது. எட்டாவதோடு நிறுத்தியிருந்தார்கள். கூலிக்காரர்கள் குடியிருந்த எங்கள் தெற்குத் தெருவில் எழுத்துக் கூட்டாமல் படிக்கத் தெரிந்த பெண் நான் ஒருத்திதான், அந்தத் திமிரும் எனக்கு இருந்தது. காலையில் மாடி வீட்டு மாட்டுக்கொட்டகையில் சாணி அள்ளுவேன், பிறகு நடவுக்குப் போவேன். கொல்லை வாசல் தாண்டி எங்களுக்கு அனுமதி இல்லை. அந்த வீட்டு மருமகளைச் சின்னம்மா என்போம். நாகப்பட்டினத்துப் பெண், என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். பெரிய பண்ணையார் வைத்ததுதான் அங்கே சட்டம். மகன், அதாவது சின்னம்மாவின் கணவர், அப்பாவுக்கு முன்னால் வாய் திறக்க மாட்டார். சின்னம்மாவுக்குப் பிள்ளை இல்லை, பேச ஆளும் இல்லை. வாராவாரம் ரயிலில் பூதலூருக்கு வரும் பத்திரிகை ஒன்றுதான் துணை. ஒருநாள் சாணிக்கூடையைக் கீழே வைத்துவிட்டுக் குப்பையில் கிடந்த ஒரு பழைய இதழை நான் நின்றபடியே படிப்பதைக் கிணற்றடியிலிருந்து பார்த்துவிட்டார். மறுவாரத்திலிருந்து கொட்டகை இறவாணத்தில், கூரையின் கீழ்விளிம்பில், பத்திரிகை செருகியிருக்கும். தொடர்கதை வருகிற பக்கத்தின் மேல் மூலை மட்டும் மடித்திருக்கும். உனக்காகத்தான் என்பதற்கு அது அடையாளம். அங்கேயே படித்துவிட்டு அப்படியே செருகிவிட வேண்டும். பிற்பாடு தொடர்கதைப் பக்கங்களை மட்டும் பிரித்தெடுத்துத் தைத்து வைப்பது அவர் வழக்கம்.

நான் படித்ததை நடவு வயலில் சொல்லுவேன். இருபது இருபத்தைந்து பேர் வரிசையாகக் குனிந்து நடும்போது, நடுவில் நிற்பவள் சொல்வது இரண்டு கோடிக்கும் கேட்காது. அதனால் என் பக்கத்தில் நிற்பவள் அடுத்தவளுக்குச் சொல்வாள், அவள் அடுத்தவளுக்கு. கீழ்க்கோடிக்குப் போய்ச் சேரும்போது கதாநாயகன் தங்கமானவனாகியிருப்பான், மேல்கோடியில் கொலைகாரனாகியிருப்பான். வரப்பில் குடையோடு நிற்கும் காரியக்காரர், பண்ணைக்கு மேல்பார்வை பார்ப்பவர், முதலில் அதட்டினார். கதை நடந்தால் நடவும் வேகமாக நடக்கிறது என்று கண்டுகொண்ட பிறகு, அவரே குடையைச் சாய்த்துக்கொண்டு நடு வரிசைக்கு அருகில் வந்து நிற்பார். அந்த மாடி வீட்டின் முன்வாசலை எங்களில் ஒருத்தியும் மிதித்ததில்லை. ஆனால் கதையில் நாங்கள் எல்லோரும் முன்வாசல் வழியாகவே பங்களாவுக்குள் போனோம், படியேறினோம், வெள்ளித் தட்டில் சாப்பிட்டோம், எந்த அறையில் என்ன இருக்கிறது என்று அதிகாரமாக எட்டிப் பார்த்தோம். முழங்கால் சேற்றில் நின்றுகொண்டு! அந்த ருசியை நீ லேசாக நினைக்காதே. ஊரில் எத்தனை மனை இருக்க, நீ ஏன் தேடிப்பிடித்து அந்த வீட்டை வாங்கினாய் என்று நினைக்கிறாய்? அது என்னிடமிருந்து உனக்கு வந்த வியாதி.

சனிக்கிழமை தோறும் சின்னம்மா கிணற்றடியில் நின்றுகொண்டு, என் பக்கம் திரும்பாமல் கேட்பார், "ஏ பொண்ணு, நேத்து நடவுல என்ன சொன்னாங்க?" எங்கள் பவுனம்மா அத்தை, நடவு வரிசையின் முதல் ஆள், என்ன சொன்னாள் என்று சொல்வேன். "பவுனம்மா அத்த சொல்லுதுங்க, அந்த ஆம்பள ராத்திரி தூங்காம உலாத்துறது சோகம் இல்லையாம், அசீரணமாம்." சின்னம்மா புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு சிரிப்பார். அந்த வீட்டில் அவர் சிரித்து நான் கேட்டது அந்த இடத்தில் மட்டும்தான். ஒருநாள் நாற்றுப் பறித்த கையோடு ஓடிவந்து படித்ததில் பக்கத்தில் என் கட்டைவிரல் சேறு பதிந்துவிட்டது. அழுதுவிட்டேன். "போனாப் போவுது போ. காஞ்சா உதுந்துடும்" என்றார்.

அந்த வருஷம் குறுவை நடவு பாதியில் நின்றது. ஆட்சி மாறியும் எங்கள் களத்தில் அளக்கிற கூலி மாறவில்லை. கூலி நெல் கூட்டிக் கேட்டுச் சங்கம் வேலைநிறுத்தம் அறிவித்தது. வெளியூர் ஆட்களை இறக்கப் போகிறார்கள் என்று ஒரு பேச்சு, போலீஸ் வண்டி வருகிறது என்று ஒரு பேச்சு. நடவுக்கும் போகவில்லை, சாணி அள்ளவும் போகவில்லை. கதை எங்கே நின்றது தெரியுமா? புது மருமகள் மேற்கு அறைப் பூட்டில் சாவியைப் போடுகிறாள், தொடரும்.

மூன்று வாரம். ஆண்கள் கூட்டம் போடுவார்கள், பெண்கள் வாய்க்கால் மதகுப் பக்கம் புங்கமரத்தடியில் உட்கார்ந்திருப்போம். அடுப்பு எரிவது ஒரு வேளையாகி, அதுவும் நின்ற ஒருநாள் பவுனம்மா அத்தை சொன்னாள், "கஞ்சிதான் இல்ல. கதையாவது சொல்லுடி. அவ கதவத் தொறந்தாளா இல்லையா?" தெரியாது என்று சொல்லியிருக்கலாம். இருபது பேர் என் முகத்தையே பார்க்கிறார்கள். படித்தவள் என்கிற திமிர் விடுமா? "வந்திருச்சு அத்த, படிச்சுட்டேன்" என்று சொல்லிவிட்டேன். இதுதான் தம்பி நான் சொன்ன பொய்.

பிறகு கட்டினேன் கதையை. உள்ளே ஒரு பெண் இருந்தாள், அந்த வீட்டின் மூத்த மருமகள், செத்துவிட்டாள் என்று ஊருக்குச் சொல்லிவிட்டு உயிரோடு அடைத்து வைத்திருந்தார்கள் என்றேன். கேட்பவர்கள் நம்ப வேண்டுமே, அதனால் எனக்குத் தெரிந்த அறையை வைத்துச் சொன்னேன். பச்சை அடித்த ஜன்னல் பலகை, எப்போதும் சாத்தியே இருக்கும். வெளிப்பக்கம் பித்தளைப் பூட்டு. அந்த வீட்டு மேற்கு மாடியைக் கொட்டகையிலிருந்து நாள் தவறாமல் பார்த்தவள் நான், பூட்டைப் பற்றிச் சின்னம்மாவே ஒருமுறை சிரித்துக்கொண்டு சொல்லியிருந்தார். மரத்தடியில் யாரோ கேட்டார்கள், "ஏண்டி, இது நம்ம மாடி வீடு மாதிரில்ல இருக்கு?" நான் மறுக்கவில்லை. ஒரு சிரிப்புச் சிரித்தேன். வெறும் வாயை மென்றுகொண்டிருந்த ஊருக்கு அவல் கிடைத்தது. வயலில் வரிசையில் போன கதை இப்போது தெருத் தெருவாகப் போயிற்று.

நான் கதை சொன்ன நான்காம் நாள் பேச்சுவார்த்தை. மாடி வீட்டு வாசலில் நானூறு பேர் இருக்கும். பண்ணையார் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கூட்டத்திலிருந்து ஒருத்தன், பக்கத்து ஊர்க்காரன், கத்தினான், "மேக்கு மாடியில என்னத்தப் பூட்டி வச்சிருக்கேன்னு தொறந்து காட்டுய்யா!" நாலு பேர் சேர்ந்து கத்தினார்கள். பண்ணையார் முகம் செத்துப்போனதை நான் பார்த்தேன். கோபப்படவில்லை, பயந்தார். அன்று சாயங்காலமே கூலி உயர்வுக்கு ஒப்புக்கொண்டார். எங்களுக்குத் திருவிழா மாதிரி இருந்தது.

அவர் ஏன் பயந்தார் என்பது பல வருஷம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. பழைய காரியக்காரர் தன் பேத்தியைச் சத்துணவுக் கூடத்தில் விட வந்தபோது சொன்னார். நில உச்சவரம்புச் சட்டம் வரப்போகிறது என்று அந்தக் காலத்திலேயே பண்ணையார் நிலத்தையெல்லாம் மாமன் மச்சான் பேரிலும் செத்துப்போனவர்கள் பேரிலும் எழுதி, அந்தப் பத்திரப் பெட்டிகளை மேற்கு அறையில் வைத்திருந்தாராம். பெண்ணைப் பற்றிக் கேட்கிறார்கள் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. பத்திர விஷயம் தெற்குத் தெருவுக்குத் தெரிந்துவிட்டது என்று நினைத்துவிட்டார். வீட்டுக்குள்ளிருந்து தெற்குத் தெருவோடு பேசுகிறவர் யார்? வீட்டில் தேடினார்கள். என் கட்டைவிரல் சேறு காய்ந்த பக்கம் சின்னம்மா பெட்டியில் இருந்தது. அவர்தான் ரகசியத்தை வெளியே விட்டவர் என்று முடிவுகட்டிவிட்டார்கள்.

பெட்டிகளை அன்றைக்கே வேறெங்கோ மாற்றிவிட்டார்கள். அறை காலியாயிற்று. நாங்கள் மறுபடி நடவுக்கு இறங்கின அன்று இறவாணத்தில் பத்திரிகை இல்லை. மாடியைப் பார்த்தேன். நான் பிறந்ததிலிருந்து சாத்தியே இருந்த பச்சைப் பலகை ஒரு விரற்கடை திறந்திருந்தது. உள்ளே சின்னம்மா. மருமகளுக்கு உடம்புக்கு முடியவில்லை, மாடியில் இருக்கிறாள் என்று ஊருக்குச் சொன்னார்கள். கதவுக்கு வெளிப்பக்கம் தாழ்ப்பாள். யாருமில்லாத அறையில் நான் கதைக்காக ஒரு பெண்ணைக் குடிவைத்தேன், ஒரு வாரத்தில் அவள் அங்கே இருந்தாள்.

நான் பவுனம்மா அத்தையிடம் போய் அழுதேன். எல்லாம் நான் கட்டியது, பண்ணையாரிடம் போய்ச் சொல்லிவிடுகிறேன் என்றேன். அத்தை என் வாயைப் பொத்தினாள். "வாயத் தொறக்காத. இப்பத்தான் கூலி கூடியிருக்கு. கதைன்னு தெரிஞ்சா நம்ம எல்லாரையும் பொய்க்காரின்னுடுவான், குடுத்ததையும் புடுங்கிக்குவான். அவுங்க பெரிய வூட்டுப் பொண்ணு, அவுங்களுக்குக் கேக்க ஆள் இருக்கு. நமக்கு யாருடி இருக்கா?" அத்தை சொன்னதில் பொய் இல்லை. அதற்காக நான் செய்தது சரியாகிவிடாது. பயம்தான் தம்பி, வேறு ஒன்றும் இல்லை. ஒரு வருஷத்துக்கு மேல் அந்தப் பலகையின் கீழே உள்ள வயலில் நட்டேன், களை பறித்தேன், அறுத்தேன். வரிசையில் கதை கேட்டார்கள், மறந்துவிட்டது என்றேன். கடைசியில் நாகப்பட்டினத்திலிருந்து அவருடைய அண்ணன் கார் கொண்டுவந்து அழைத்துப்போனார். கார் எங்கள் வயலோரம் மெதுவாகப் போனது. எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். நான் நிமிரவில்லை, கையிலிருந்த நாற்றை நட்டுக்கொண்டே இருந்தேன்.

இதற்குப் பிறகும் எனக்குப் புத்தி வந்ததா என்றால், உன் அப்பாவைக் கட்டிக்கொண்டதைப் பார். பெண் பார்க்க வந்த இடத்தில் ஒரு வார்த்தை பேசாமல், ஜன்னல் வழியாக எங்கோ தூரத்தில் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆகா, நெஞ்சில் ஏதோ ரகசியம் வைத்திருக்கிறார் என்று மயங்கிச் சரி சொன்னேன். மூன்று வருஷம் கழித்துக் கேட்டேன், அன்றைக்கு என்ன யோசனை என்று. "ஒங்க வூட்டுப் பக்கத்துப் பம்புசெட்டு எத்தன குதிர சக்தின்னு பாத்தேன்" என்றார். நல்ல மனுஷன், குறை சொல்ல மாட்டேன். ஆனால் பேசாத ஆண் கதையில்தான் அழகு. வீட்டில் அவனோடு இருப்பவள் அவன் மௌனத்துக்குள் என்னவெல்லாம் இருக்கிறதென்று கற்பனை செய்தே இளைத்துப்போவாள். நீ அப்பாவைப் போலத்தான் இருக்கிறாய். மலரிடம் பேசு. வாயில் முத்து உதிர்ந்துவிடாது. வீட்டுச் சாவிக்கொத்தை முதல் நாளே அவள் கையில் கொடுத்துவிடு, எந்தக் கதவும் பாக்கியில்லாமல். பங்களாக் கதையில் புது மருமகளைப் படுத்துகிற கிழவி ஒருத்தி வருவாள். இந்தக் கதையில் அது நான்தான். அதனால் எனக்குச் சாவி வேண்டாம்.

இப்போது புத்தக விஷயத்துக்கு வருகிறேன். கொத்தனார் பயந்தாரென்று நீயே மேற்கு அறைக்குள் போய், பரணிலிருந்து ஒரு பழைய காகிதக்கட்டு எடுத்துவந்து, "இந்தாம்மா, ஒன் பேய்க்கதை, பேய் வூட்டுலேயே கெடந்துச்சு" என்று என் மடியில் போட்டாயே. நான் அதை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்விட்டேன், நீ கோபமென்று நினைத்தாய். அது அந்தத் தொடர்கதைதான். கோணி ஊசியால் சணல் கொண்டு தைத்திருக்கிறது. முதல் அத்தியாயத்திலிருந்து மூலைகள் மடித்திருக்கின்றன. நடுவில் ஒரு பக்கத்தில் என் கட்டைவிரல். காய்ந்தும் உதிரவில்லை.

நாற்பது வருஷம் கழித்து மீதியைப் படித்தேன். அந்த மருமகள் சாவியைத் திருகிக் கதவைத் திறக்கிறாள். உள்ளே யாரும் இல்லை, தம்பி. ஒரு ஜன்னல் மட்டும். அவள் கணவன், அப்பா பூட்டச் சொன்னார் என்பதற்காக ஏனென்று கேட்காமல் பூட்டி வைத்திருந்தான், ஒருநாளும் உள்ளே போய்ப் பார்த்ததில்லை. அவ்வளவுதான். நான் பசியோடு இன்னும் கொஞ்ச நாள் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால், வரிசைக்கு இதைத்தான் சொல்லியிருப்பேன். பவுனம்மா அத்தை சேற்றில் காறித் துப்பி, "இதுக்காடி இத்தன நாளு?" என்று கேட்டிருப்பாள். சின்னம்மா சனிக்கிழமை சிரித்திருப்பார்.

அழுதேன்தான். ஆனால் அழுதது கதைக்காக இல்லை. வேலைநிறுத்தத்துக்குப் பிறகு வந்த அத்தியாயங்கள் பதினான்கு. அவர் அந்த அறைக்குள் அடைபட்டிருந்தபோது வந்தவை. பத்திரிகையை மட்டும் உள்ளே விட்டிருக்கிறார்கள். கொட்டகைக்குப் போக வழியில்லை, இறவாணம் இல்லை, நான் இல்லை. பதினான்கிலும் மேல் மூலை மடித்திருக்கிறது. கடைசி அத்தியாயம் வரைக்கும். யாரால் தனக்கு இந்தக் கதி என்று அவருக்குத் தெரியுமோ தெரியாதோ, எனக்கு மடிப்பதை அவர் நிறுத்தவில்லை.

பத்திரப் பதிவின்போது ஒரு வயதான அம்மாவும் கையெழுத்துப் போட வந்தார்கள், நாகப்பட்டினத்தில் அண்ணன் பிள்ளைகளோடு இருக்கிறார்கள் என்றாய். வேறொன்றும் பேசவில்லை, "மேக்கு ரூம் சன்னல் இப்ப நல்லாத் தொறக்குதா தம்பி?" என்று மட்டும் கேட்டார்கள் என்று நீ வேடிக்கையாகச் சொன்னாய். அந்த அம்மா யாரென்று இப்போது உனக்குத் தெரிந்திருக்கும்.

அதனால் சொல்கிறேன். அந்த அறைக்குச் சுண்ணாம்பு அடி, பலகையைக் கழற்றிவிட்டுக் காற்று வருகிற மாதிரி ஜன்னல் வை. மலருக்குப் படிக்கிற அறையாக இருக்கட்டும், உள்ளே உட்கார்ந்து எத்தனை பேய்க்கதை வேண்டுமானாலும் படிக்கட்டும். கதவுக்கு உள்பக்கம் மட்டும் தாழ்ப்பாள் இருந்தால் போதும். வெளிப்பக்கத் தாழ்ப்பாளை உன் கையாலேயே கழற்று. ஞாயிற்றுக்கிழமை காலை காரை எடுத்துக்கொண்டு வா, நாம் இரண்டு பேரும் நாகப்பட்டினம் போகிறோம். கல்யாணப் பத்திரிகையை நீ கொடு. புத்தகத்தை நான் எடுத்துக்கொள்கிறேன். அந்தத் தாழ்ப்பாளையும் மறக்காமல் கொண்டுவா, அதை அவர் கையில் கொடுத்துவிட்டுத்தான் நான் வாயைத் திறக்க வேண்டும்.

வழியில் என்னிடம் எதுவும் கேட்காதே. நான் சொல்ல வேண்டியதை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வருவேன்.

உன் அம்மா